மூன்று பெல்ட் மாற்றியும் அடங்காத கீச்சொலி: பழைய கேரவன் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரிய வண்டி 2006-ஆம் ஆண்டில் பதிவான, நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட டெம்போ டிராவலர். பல ஆண்டுகள் சுற்றுலா வண்டியாக ஓடிய அதனைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாங்கி, பின்னிருக்கைகளை எடுத்துவிட்டு, படுக்கை, எரிவாயு அடுப்பு, சிறிய ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அமைத்துக் கேரவனாக மாற்றிக்கொண்டார். அவரும் அவர் துணைவியாரும் சிதம்பரம், வேளாங்கண்ணி, இராமேசுவரம் என்று ஊர் ஊராகச் சென்று, இரவில் வண்டியிலேயே தங்குவது வழக்கம். வண்டியை மாற்றியமைத்தபோது எஞ்சினால் இயங்கும் ஏசி புதிதாகச் சேர்க்கப்பட்டது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவியான பழைய ஆல்டர்நேட்டர் இருந்த இடத்தில் 120 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் வைக்கப்பட்டது. சில மாதம் கழித்து, வண்டிக்குள் தங்கும் பகுதிக்கு மின்சாரம் தந்த ஈய-அமில பேட்டரி வலுவிழந்ததால், அதற்குப் பதிலாக 200 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று பொருத்தப்பட்டது. இந்தச் சேர்க்கைகளை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்; பழுதின் வேர்கள் அங்கேதான் இருந்தன.

புகார் இதுதான். காலையில் செல்ஃப் அடித்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும், தெருவில் உள்ளவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சொலி கிளம்பும். சில நாள்களில் ஐந்து நிமிடத்தில் அடங்கும். இரவு முழுவதும் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓடிய மறுநாள் காலையில் அரைமணி நேரம் ஆனாலும் அடங்காது. மழை பெய்தால் கூடும். ஏசியைப் போட்டால் ஒலியின் தன்மை சற்று மாறும். புது பெல்ட் மாட்டினால் இரண்டு வாரம் அமைதியாக இருந்து, பிறகு பழையபடி தொடங்கிவிடும். பானெட்டின் உட்புறத்தில் பெல்ட் சுற்றும் தளத்துக்கு நேராகக் கரிப்பொடி போன்ற ரப்பர்த் தூசி கோடாகப் படிந்திருந்ததையும் உரிமையாளரே சுட்டிக்காட்டினார். அந்தக் கோடு எனக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிட்டது. பெல்ட் பழசாகிக் கத்தவில்லை, ஏதோ ஒன்றின் மேல் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

பெல்ட்டின் சத்தத்தைக் காதுக்கு இடைஞ்சல் என்று மட்டும் கருதுவது ஆபத்தானது. இந்த வண்டியில் எஞ்சின் நேராகச் சுற்றும் கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், ஆல்டர்நேட்டர் ஆகிய மூன்றையும் ஒரே வி-பெல்ட்தான் முக்கோணமாகச் சுற்றி வருகிறது. இதுவே முதன்மை பெல்ட்; ஏசிக்குத் தனி பெல்ட் உண்டு. ரேடியேட்டர் விசிறியும் வாட்டர் பம்ப் தண்டின் மேலேயே உள்ளது. முதன்மை பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆவதும் எஞ்சின் குளிர்வதும் ஒரே நொடியில் நின்றுபோகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கு அப்பால் இரவில் அது நேர்ந்தால் வயதான இருவர் என்ன பாடுபடுவார்கள் என்பதை எண்ணித்தான் இந்த வேலையை அவசரமின்றி, அளந்து செய்ய முடிவெடுத்தேன்.

முன்பு செய்யப்பட்ட வைத்தியங்கள்

முதல் பட்டறையில் பெல்ட்டை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் மீண்டும் மாற்றி, பெல்ட்டின் மேல் பிசுபிசுப்பான ஸ்பிரே ஒன்றை அடித்தனுப்பினார்கள். மூன்றாவது பெல்ட்டை உரிமையாளரே பயணத்தின் நடுவில் கடலூரில் வாங்கி மாட்டவைத்திருந்தார். அது எஞ்சினுக்கான பெல்ட்டே அன்று, மாவு அரவை இயந்திரத்துக்கும் மோட்டார் பம்புக்கும் போடும் துணியுறை கொண்ட ஏ பிரிவு பெல்ட். நீளம் பொருந்தியதால் கடைக்காரர் கொடுத்துவிட்டார் போலும். ஏ பிரிவு பெல்ட்டின் மேலகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ.; புல்லியின் பள்ளத்தில் அது உட்கார்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வகைப் பெல்ட், பொதுவாக 75 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத புல்லிகளுக்கென உருவானது. இந்த வண்டியின் ஆல்டர்நேட்டர் புல்லி 68 மி.மீ. தான். அத்தனை சிறிய வளைவில் நிமிடத்துக்குப் பல நூறு முறை மடங்கி நிமிர்கையில் பெல்ட் உள்ளுக்குள்ளேயே சூடாகி, பக்கச்சுவர் கண்ணாடி போல இறுகிப் பளபளத்துவிடும். பிடிமானம் அதோடு போய்விடும்.

ஸ்பிரே அடிப்பது பற்றி என் கருத்து உறுதியானது: அதனை எஞ்சின் பெல்ட்டில் பயன்படுத்தவே கூடாது. ரப்பரைச் சிறிது இளக்கிப் பசைபோல ஒட்டவைப்பதால் ஒரு வாரம் சத்தம் குறையும். அதன்பின் சாலைத் தூசியும் கடற்கரை மணலும் அந்தப் பசையில் படிந்து புல்லியின் பள்ளத்தை அரைக்கத் தொடங்கும். சோப்புக் கட்டியைத் தேய்ப்பதும் முகப்பவுடரைத் தூவுவதும் இதே கணக்கில்தான் சேரும். நோய் எது என்று பார்க்க வேண்டிய நேரத்தில், நோயாளியின் வாயை அடைப்பதால் பயனில்லை.

இவற்றைவிடக் கெடுதலானது, ஒவ்வொரு முறையும் பெல்ட்டை மேலும் மேலும் இறுக்கியது. பெல்ட்டை இறுக்கினால் வழுக்கல் குறையும் என்பது சரியே. ஆனால் அந்த இழுப்பு முழுவதும் ஆல்டர்நேட்டரின் முன் பேரிங்கின் மேலும், வாட்டர் பம்பின் பேரிங்கின் மேலும் பக்கவாட்டுச் சுமையாக இறங்குகிறது. நான் பார்த்தபோது, பெல்ட் வீணைத் தந்தியைப் போல விறைத்திருந்தது. அப்படி விறைத்திருந்தும் அது வழுக்கிக் கத்தியது என்பதே இந்த நிகழ்வின் முக்கியமான தடயம்.

ஒரு புகார், இரண்டு ஒலிகள்

மறுநாள் காலையில் வண்டியைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி, எஞ்சின் முழுமையாக ஆறியிருந்த நிலையில் அவரையே செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கவனித்துக் கேட்டபோது, அவர் ஒரே சத்தம் என்று சொன்னது உண்மையில் இரண்டு சத்தம் என்பது தெளிவானது. ஒன்று, நீண்டு இழுபடும் "கிரீச்" என்ற அலறல். ஆக்ஸிலேட்டரைச் சிறிது மிதித்தால் அதன் உரப்பு ஏறியது. மற்றது, சிட்டுக்குருவி விட்டுவிட்டுக் கத்துவது போன்ற "கீச், கீச்" என்ற துண்டு ஒலி. வேகம் கூடினால் அது அடுத்தடுத்து விரைவாக வந்ததே தவிர, அதன் சுருதி மாறவில்லை. முதல் வகை, பெல்ட் புல்லியின் மேல் வழுக்குவதன் அடையாளம். இரண்டாவது வகை, புல்லிகள் ஒரே தளத்தில் இல்லாததால் பெல்ட் பள்ளத்துக்குள் சாய்ந்து நுழையும்போது பக்கச்சுவர் உராய்வதன் அடையாளம். பேரிங் பழுதானால் வருவது இந்த இரண்டும் அல்லாத ஓர் அடித்தொண்டை உறுமல். அது இங்கே கேட்கவில்லை.

காது ஏமாறக்கூடும் என்பதால் தண்ணீர்ச் சோதனையும் செய்தோம். செடிகளுக்குத் தெளிக்கும் குப்பியில் சுத்தமான தண்ணீரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது கையையும் வேட்டி முனையையும் விசிறியிலிருந்து நன்றாக விலக்கி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் உட்புறத்தில் ஒரே ஒரு முறை பீச்ச வேண்டும். ஏசி பெல்ட்டில் பீச்சியபோது கீச்சுக் கீச்சு சில நொடி முற்றிலும் மறைந்து, ஈரம் உலர்ந்ததும் திரும்ப வந்தது. இது புல்லி நேர்கோட்டில் இல்லை என்பதற்குரிய விடை. முதன்மை பெல்ட்டில் பீச்சியபோது அலறல் உடனே இரட்டிப்பானது. இது இழுப்புக்கு ஏற்ற பிடிமானம் இல்லை என்பதற்குரிய விடை.

"மழைக்காலத்துல மட்டும்தான் அதிகமா கத்துது, அதனால ஈரம்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் உரிமையாளர்.

"ஈரம் சத்தத்தைக் கூட்டும் சார், ஆனா அதுவே காரணம் இல்ல. பிடிமானம் போதுமான அளவுக்கு இருந்தா, ஐப்பசி மழையில நனைஞ்சாலும் பெல்ட் வழுக்காது" என்றேன்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, ஏசி பெல்ட்டை முழுமையாகக் கழற்றிவிட்டு மீண்டும் ஓடவிட்டோம். துண்டு ஒலி அடியோடு மறைந்தது. அலறல் அப்படியே இருந்தது. ஆக, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு பழுதுகள் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்தவர்கள் மற்றது கத்தியதைக் கேட்டு, தாம் செய்தது வீண் என்று எண்ணியிருக்கக்கூடும். முதன்மை பெல்ட்டைக் கழற்றிவிட்டும் சில நொடி எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வாட்டர் பம்ப் நின்றுவிடுவதால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அந்த நிலையில் எஞ்சின் சத்தமின்றி ஓடியது. பெல்ட் இல்லாதபோது வாட்டர் பம்ப், ஆல்டர்நேட்டர் இரண்டின் புல்லிகளையும் கையால் சுற்றியும் ஆட்டியும் பார்த்தேன். ஆல்டர்நேட்டர் வழவழவென்று சுற்றியது. வாட்டர் பம்ப் தண்டில் மட்டும், விரலுக்கு மெல்லத் தட்டுப்படும் அளவுக்கு ஆட்டம் இருந்தது.

ஏசி கம்ப்ரஸரின் கோணல்

ஏசி கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட், வண்டியை மாற்றியமைத்தபோது தகட்டை வெட்டி வெல்டிங் செய்து உருவாக்கப்பட்டது. கிராங்க் புல்லியின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை ஒட்டவைத்து, மறுமுனை கம்ப்ரஸர் புல்லியில் எங்கே படுகிறது என்று பார்த்தோம். இரண்டு புல்லிகளுக்கும் இடையே 420 மி.மீ. தூரம்; பட்டைக்கும் கம்ப்ரஸர் புல்லியின் முகத்துக்கும் இடையே 6.5 மி.மீ. விலகல். கணக்கிட்டால் இது ஏறத்தாழ 0.9 பாகை. வி-பெல்ட்டுக்குப் பொதுவாக அரைப் பாகை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கில் உள்ள வரம்பு. இந்தத் தூரத்துக்கு அது சுமார் 3.7 மி.மீ. தான். பல வரிப் பள்ளங்கள் கொண்ட தட்டைப் பெல்ட்டாக இருந்தால் இதைவிடக் குறைந்த விலகலே அதற்குத் தாங்காது.

பிராக்கெட்டின் துளைகளுக்கு இடையே வாஷர்களை அடுக்கி நேராக்கலாம் என்று பட்டறைப் பையன் ஒருவர் யோசனை சொன்னார். அடுக்கிய வாஷர்கள் அதிர்வில் நசுங்கி, போல்ட்டின் மேல் வளைவுச் சுமையை ஏற்றிவிடும். கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் போல்ட் குலுங்கும். ஆகவே தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள லேத் பட்டறையில், பிராக்கெட்டின் அமரும் முகத்தைச் சமமாக்கி, ஒரே கனத்தில் கடைந்த குழல் வடிவ இடைத்துண்டுகளைச் செய்து மாட்டினோம். வெல்டிங் சூட்டில் பிராக்கெட் முறுக்கிக்கொண்டதால் கம்ப்ரஸர் புல்லி சற்றுச் சாய்ந்தும் இருந்தது. விலகலை மட்டும் அளந்து சாய்வைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கீச்சொலி மீண்டும் வந்திருக்கும். வேலை முடிந்தபின் விலகல் 1 மி.மீ.-க்குள் அடங்கியது. ஏசி பக்கத்துச் சத்தம் அன்றோடு தீர்ந்தது. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றும் இல்லை.

அலறலின் காரணம்

முதன்மை பெல்ட் கழற்றிய நிலையில் ஆல்டர்நேட்டர் புல்லியின் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பள்ளத்தின் அடிப்பகுதி வெள்ளி போல மின்னியது. வி-பெல்ட் தன் இரண்டு பக்கச்சுவர்களால்தான் புல்லியைப் பிடிக்க வேண்டும். ஆப்பு இறங்குவது போல அது பள்ளத்தில் இறுகும்போதே பிடிமானம் பிறக்கிறது. அடிப்பகுதி துருவேறியோ அழுக்காகவோ இருப்பதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம். அது மின்னுகிறது என்றால், பெல்ட் அடியைத் தொட்டு ஓடுகிறது, ஆப்பின் இறுக்கம் இல்லாமல் போய்விட்டது என்று பொருள். புதுப் பெல்ட்டின் வெட்டுத்துண்டு ஒன்றைப் பள்ளத்தில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டியபோது, பக்கச்சுவர்கள் நடுவில் குழிந்து தேய்ந்திருப்பது இடுக்கில் கசிந்த ஒளியில் தெரிந்தது. குழிவு 0.8 மி.மீ. அளவைத் தாண்டினால் புல்லியை மாற்றிவிட வேண்டும். இங்கே அது 1 மி.மீ.-க்கும் மேல். புது பெல்ட்கள் இரண்டே வாரத்தில் கெட்டதன் விளக்கம் இதில் பாதி கிடைத்துவிடுகிறது: குழிந்த பள்ளம் எத்தனை புது பெல்ட்டையும் தன் உருவத்துக்கே அரைத்துவிடும்.

பள்ளம் இப்படித் தேய்ந்ததற்கு நம் ஊரின் காற்றும் காரணம். முத்தியால்பேட்டையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். பயணம் இல்லாத மாதங்களில் வண்டி அசையாமல் நிற்கும்போது, உப்புக் காற்றில் பள்ளத்தின் பக்கச்சுவர் துருப்பிடிக்கும். அடுத்த முறை எஞ்சின் ஓடும்போது அந்தத் துரு உப்புத்தாள் போல பெல்ட்டைத் தேய்க்கும். கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இதையே பார்த்திருக்கிறேன்.

ஆனால் தேய்ந்த புல்லியைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. இரவில் ஃபிரிட்ஜ் ஓடிய மறுநாள் மட்டும் அரைமணி நேரம் கத்துவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை பெல்ட்டில் இல்லை, மின்கம்பியில் இருந்தது.

ஆல்டர்நேட்டரிலிருந்து வரும் தடித்த கம்பியில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவைத்தோம். (விலை மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் மீட்டர்தான் இந்த வேலைக்கு உதவும்.) எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் வெறுமனே ஓடும்போது 13.3 வோல்ட்டில் 55 ஆம்பியர். 1500 சுற்றில் 13.8 வோல்ட்டில் 92 ஆம்பியர். பழைய ஈய-அமில பேட்டரி இருந்த காலத்தில், சார்ஜ் ஏற ஏற அதுவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆல்டர்நேட்டரும் பெல்ட்டும் சீக்கிரம் மூச்சுவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. ஏறத்தாழ நிறையும் வரை, கொடுப்பதை எல்லாம் அது வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டியை மாற்றியவர்கள் அதை ஒரு சாதாரண ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக நேரடியாக ஆல்டர்நேட்டருடன் இணைத்திருந்தார்கள்.

இந்த மின்சாரம் பெல்ட்டுக்கு என்ன சுமையாகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். 55 ஆம்பியரை 13.3 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 730 வாட். ஆல்டர்நேட்டரின் செயல்திறனைப் பாதி என்று கொண்டால், அதைச் சுற்ற 1,460 வாட் தேவை. கிராங்க் புல்லியின் விட்டம் 150 மி.மீ.; 750 சுற்றில் பெல்ட்டின் வேகம் நொடிக்கு 5.9 மீட்டர். ஆற்றலை வேகத்தால் வகுத்தால், பெல்ட் தாங்க வேண்டிய இழுவிசை சுமார் 250 நியூட்டன், அதாவது 25 கிலோ எடையைத் தூக்கும் அளவு. இதே கணக்கை 1500 சுற்றுக்குப் போட்டால், ஆற்றல் கூடினாலும் வேகம் இரட்டிப்பதால் இழுவிசை 22 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. வண்டி நின்ற நிலையில் அலறல் நீடித்ததற்கும், தெருவைத் தாண்டி வேகம் பிடித்தபின் ஓய்ந்ததற்கும் விளக்கம் இதுவே. ஆக்ஸிலேட்டரைத் தொட்ட நொடியில் மட்டும் ஒலி ஏறியது, ஆல்டர்நேட்டரின் கனத்த சுழலியை வேகப்படுத்தும் கூடுதல் இழுப்பால்.

சிறிய புல்லியின் இன்னொரு குறையும் இதோடு சேர்கிறது. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகின் கயிற்றைக் கட்டைத் தூணில் கூடுதலாகச் சுற்றச் சுற்றப் பிடி பன்மடங்காகக் கூடுவது போல, பெல்ட்டின் பிடியும் அது புல்லியைத் தழுவும் கோணத்தைப் பொறுத்தே அமைகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளில் பெல்ட் மிகக் குறைவாகத் தழுவுவது ஆல்டர்நேட்டரைத்தான். அதிகம் இழுப்பதும் அதுதான்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், சோதித்துக் காட்டினால்தான் நம்பிக்கை வரும். எஞ்சினை நிறுத்தி, லித்தியம் பேட்டரிக்குப் போகும் வழியில் உள்ள பெரிய ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மீண்டும் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எஞ்சின் ஓடியது, அலறல் இல்லை. மீட்டர் 14 ஆம்பியர் காட்டியது. உரிமையாளர் இறங்கி வந்து பானெட்டுக்குள் குனிந்து, சற்று நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தி, ஃபியூஸை மாட்டி மறுபடி ஓடவிட்டதும் அலறல் திரும்பியது. இதனைச் செய்து பார்க்க விரும்புவோர் எஞ்சின் ஓடும்போது ஃபியூஸைப் பிடுங்கவே கூடாது. பெருமின்னோட்டம் திடீரென அறுபட்டால் வோல்டேஜ் துள்ளி ஏறி, ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும் வண்டியின் மற்ற மின்கருவிகளையும் எரித்துவிடக்கூடும்.

செய்த வேலைகள்

ஆல்டர்நேட்டர் புல்லி புதிதாக மாற்றப்பட்டது. கிராங்க், வாட்டர் பம்ப் புல்லிகளின் பள்ளங்களில் குழிவு இல்லாததால், அவற்றின் துருவையும் பழைய ஸ்பிரேயின் பசையையும் கம்பித் தூரிகையாலும் துணியாலும் துடைத்து நீக்கினோம். பசை எஞ்சியிருக்கும் புல்லியில் புது பெல்ட்டை மாட்டுவது வீண்செலவு. கிராங்க் புல்லியின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை சுண்ணக்கட்டியால் கோடிட்டு ஓட்டிப் பார்த்ததில் கோடு விலகவில்லை. நடுவில் உள்ள ரப்பர் நழுவவில்லை என்பது இதனால் உறுதியானது. உள்விளிம்பில் பற்கள் வெட்டிய, எஞ்சினுக்கே உரிய 13 மி.மீ. பெல்ட் மாட்டப்பட்டது, பற்கள் இருப்பதால் அது சிறிய புல்லியில் எளிதாக வளைந்து, குறைவாகச் சூடேறும்.

ரிலேயை நீக்கிவிட்டு, 20 ஆம்பியருக்கு மேல் எடுக்காதபடி கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை லித்தியம் பேட்டரிக்கு முன் வைத்தோம். இதில் உரிமையாளருக்குத் தயக்கம் இருந்தது. "முன்ன ஒரு மணி நேரத்துல ஏறிடும், இனிமே ரொம்ப நேரம் ஆகுமே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. பாதி காலியான 200 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப 20 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் வண்டியின் கூரையில் சூரியத் தகடுகள் உள்ளன; வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்வதற்குள், வெயிலும் சார்ஜரும் சேர்ந்து குறையை நிரப்பிவிடும். பெரிய மின்னோட்டத்தில் குறைந்த சுற்றில் ஓடும் ஆல்டர்நேட்டர் தன் சூட்டிலேயே சுருள் எரிந்து போகும் அபாயமும் இதனால் நீங்குகிறது. வேகமாகச் சார்ஜ் ஏறுவதைவிட ஆல்டர்நேட்டர் ஊர் போய்ச் சேர்வது முக்கியம் என்பதை அவர் துணைவியார்தான் முதலில் ஏற்றுக்கொண்டார். இப்போது வெறும் ஓட்டத்தில் ஆல்டர்நேட்டரின் மொத்தச் சுமை 30 ஆம்பியர் அளவில் நிற்கிறது. பெல்ட்டின் இழுவிசை 25 கிலோவிலிருந்து 14 கிலோவாகக் குறைந்துள்ளது.

பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில் கைப்பழக்கத்தை நம்பாமல் அளவுகோலை நம்புவது நல்லது. இரு புல்லிகளுக்கு நடுவே பெல்ட் எவ்வளவு நீளம் தாங்கலின்றி ஓடுகிறதோ, அதில் மீட்டருக்கு 16 மி.மீ. என்ற கணக்கில் நடுவிடம் அமுங்க வேண்டும். இங்கே ஆல்டர்நேட்டருக்கும் கிராங்குக்கும் இடையே 310 மி.மீ. என்பதால் 5 மி.மீ. போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் மைனஸ் முனை கழற்றியிருக்க வேண்டும். ஆல்டர்நேட்டரின் கீழ்ப்போல்ட்டைத் தளர்த்தாமல் மேற்போல்ட்டை மட்டும் தளர்த்தி நெம்பினால் அது சாய்ந்துகொள்ளும். நெம்புகோலையும் பின்பக்கத்து மெல்லிய மூடியில் வைக்காமல், முன்பக்கத்துத் தடித்த உடலில் வைத்தே நெம்ப வேண்டும். புது பெல்ட் பள்ளத்தில் நன்கு அமர்ந்தபின் சற்றே தளரும் என்பதால், முதல் நீண்ட பயணம் முடிந்ததும் மறுமுறை அளந்து சரிசெய்தோம்.

சோதனை ஓட்டம்

வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த நாளொன்றைத் தேர்ந்து, இரவு முழுவதும் ஃபிரிட்ஜை ஓடவிட்டு, மறுநாள் காலை புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் சென்றோம். அரியாங்குப்பம் பாலம், கிருமாம்பாக்கம், தென்பெண்ணைப் பாலம் என்று நெரிசலிலும் மழையிலும் நின்று நின்று சென்றபோதும், மஞ்சக்குப்பத்தில் ஏசியைப் போட்டபடி வெகுநேரம் சும்மா ஓடவிட்டபோதும் இரண்டு ஒலிகளில் எதுவும் எழவில்லை. பழைய நிலையில் ஆல்டர்நேட்டர் புல்லியின் முகம், அகச்சிவப்பு வெப்பமானியில் 96 பாகை செல்சியஸ் காட்டியிருந்தது. இப்போது 63 பாகை. வழுக்கலில் வீணாகிக்கொண்டிருந்த ஆற்றல்தான் முன்பு அந்தச் சூடாக வெளிப்பட்டது.

பானெட்டின் உட்புறத்தில் இருந்த கரிக்கோட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தோம்; திரும்பி வந்து பார்த்தபோது புதிதாக எதுவும் படியவில்லை. இனி ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் அந்த இடத்தில் வெள்ளைத் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்க்கும்படி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டி நீண்ட காலம் நிற்க நேர்ந்தால், வாரம் ஒருமுறையாவது எஞ்சினை ஓடவிட வேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது.

ஒரு வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கிய காலத்தில் வாட்டர் பம்பின் பேரிங்குக்கு ஏற்பட்ட ஆட்டம் பெல்ட்டைச் சரிசெய்ததால் மறையாது. பம்பின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளையைச் சுற்றி, கூலண்ட் உலர்ந்து படிந்த வெளிர்பச்சைத் தடம் இப்போதே மெல்லியதாகத் தெரிகிறது. இராமேசுவரம் பயணத்துக்கு முன்பாகப் பம்பை மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, உதிரிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.